ஷூவைக் கழட்டுங்க சார்!

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது நமக்கு ஒன்றும் புதுசில்லை. கோயில், தர்கா, மாமியார் வீடு... எங்கே போனாலும் கால் தானாக உதறிவிடும். ஆனால், விமான நிலையத்தில் ஒரு சீருடைக்காரர் 'ஷூவைக் கழட்டுங்க' என்றால் மட்டும் சுருக்கென்று கோபம் வருகிறது. எனக்கும் ஒரு தடவை வந்தது. அந்த வாசலுக்குள் நுழைந்தேன். 'கீய்ங்!' பர்ஸ், சாவி, பெல்ட் எல்லாம் தட்டில் போட்டாச்சு. மறுபடியும் 'கீய்ங்!' குற்றவாளி என் காலில் இருந்தான்.

அவன் பெயர் ஷாங்க். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பாதம் வளைந்து தரையைத் தொடாத இடத்தில், இன்சோலுக்கும் அடி சோலுக்கும் நடுவே வைக்கிற ஒரு சின்ன எஃகுப் பட்டை. அது இல்லையென்றால் குதிகால் வைத்த தோல் ஷூ நடுவில் துவண்டுவிடும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1973 ஜனவரியில் அமெரிக்கா எல்லா விமானப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. விமானக் கடத்தல் அங்கே அன்றாடச் செய்தியாகிவிட்ட காலம் அது. அதே 1973-ல்தான் நம் அரசு, சீதாராமய்யா கமிட்டி சொன்ன யோசனைப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்குக் கடிவாளம் போட்டது. ஆவாரம்பட்டையையும் பாலாற்றுத் தண்ணீரையும் நம்பித் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஊர்கள், மெள்ள மெள்ள ஷூவுக்கு மாறின. அந்த ஷூவும் அந்த வாசலும் முறைத்துக்கொள்ள இன்னும் 28 வருஷம் இருந்தது.

நடுவில் நமக்கே ஒரு அடி விழுந்தது. 1984 ஆகஸ்ட் 2, ராத்திரி. மீனம்பாக்கத்தில் கொழும்பு விமானத்துக்காகப் போடப்பட்ட பெட்டிகள் கிடந்தன. போட்டவன் விமானம் ஏறவில்லை. வெடிக்கப்போகிறது என்று போனில் எச்சரிக்கை வந்தும், உருப்படியாக எதுவும் நடப்பதற்குள் வெடித்துவிட்டது. 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இலங்கைக்காரர்கள் பலர். அடுத்த வருஷம் ஜூனில் கனிஷ்கா. அங்கேயும் இதே கதைதான், பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 329 உயிர்கள். பெட்டிக்குரிய ஆள் வந்து உட்காராவிட்டால், பெட்டியை இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்று இன்றைக்குப் பிடிவாதம் பிடிக்கிறார்களே, அதற்குப் பின்னால் இத்தனை பிணங்கள்.

ஷூவுக்கு வருவோம். 2001 டிசம்பர் 22. பாரிஸிலிருந்து மியாமி போகும் விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தான். வாடை பிடித்து வந்த பணிப்பெண் பார்த்தால், பயல் ஷூவிலிருந்து நீளும் திரிக்கு நெருப்பு வைக்கிறான்! சோலுக்குள் வெடிமருந்து. பயணிகள் பாய்ந்து, கையில் கிடைத்த பெல்ட், ஹெட்போன் ஒயர் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிப்போட்டார்கள். முந்தின நாளே கிளம்ப வேண்டியவன் அவன். சந்தேகப்பட்டு விசாரித்ததில் விமானம் தவறிவிட்டது. அதனால் கூடுதலாக ஒரு நாள் போட்டுக்கொண்டு திரிந்ததில், வியர்வையும் ஈரமும் சேர்ந்து மருந்து நமத்துவிட்டது என்கிறார்கள். கிட்டத்தட்ட 200 உயிரைக் காப்பாற்றியது கால் வியர்வை!

2006 ஆகஸ்ட்டில், குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்து கொண்டுபோகும் சதி லண்டனில் பிடிபட்டது. அதோடு 100 மில்லிக்கு மேல் திரவம் கையில் கூடாது என்றார்கள். ஆம்பூர் பிரியாணியைக்கூட எப்படியோ கொண்டுபோய்விடலாம், கூட வருகிற தால்ச்சா மாட்டிக்கொள்ளும். சாம்பிள் ஷூவோடு வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறவர், தோல் வெட்டும் கத்தியைக் கீழே போகும் பெட்டியில்தான் போட வேண்டும். அந்தப் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால்? வியாபாரம் போச்சு.

ஷூக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எஃகுக்குப் பதிலாக நைலான், ஃபைபர் ஷாங்க் வைத்து, 'ஏர்போர்ட்டில் கத்தாது' என்று சொல்லியே விற்றார்கள். பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், பயத்தைக்கூட விலைச்சீட்டில் ஏற்றத் தெரிந்தவனுக்குப் பெயர்தான் வியாபாரி. 2025 ஜூலையில் அமெரிக்காவே 'இனி ஷூவைக் கழற்ற வேண்டாம்' என்று விட்டுவிட்டது.

கழற்றவே முடியாதவர்கள்? எலும்புக்குள் கம்பி வைத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி-யிலிருந்து ஊர் திரும்புகிறவர் அந்த வாசலில் 'கீய்ங்' என்றால் எதைத் தட்டில் போடுவார்? நடிகை சுதா சந்திரனைத் தெரியும்தானே? 1981-ல் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மறுபடியும் மேடையேறி ஆடியவர். 2021 அக்டோபரில் அவர் பிரதமருக்கே வீடியோவில் முறையிட்டார். ஒவ்வொரு தடவை விமானம் ஏறும்போதும் அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. மூத்த குடிமக்களுக்குத் தருவது மாதிரி எங்களுக்கும் ஒரு அட்டை கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.