இன்சூரன்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா இன்சூரன்ஸ் இல்லை: அமெரிக்க பாஸ்டர் குடும்பங்கள் சேரும் 'மருத்துவச் செலவுப் பகிர்வு' என்றால் என்ன?

அமெரிக்காவில் ஐம்பது, அறுபது பேர் வரும் ஒரு சின்ன சபை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் இருந்துதான் பாஸ்டருக்குச் சம்பளம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தருவது போல மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துத் தர சபைக்கு வசதி கிடையாது. சொந்தமாக எடுக்கலாம் என்று விசாரித்தால், மாத பிரீமியமே வீட்டு வாடகை அளவுக்கு வந்து நிற்கிறது. அப்போது இன்னொரு ஊழியக்காரர் சொல்வார்: "ஷேரிங்ல சேர்ந்துடுங்க பாஸ்டர், பாதி செலவுதான்."

அமெரிக்காவில் பத்து லட்சம் பேருக்கும் மேல் இப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே ஊழியம் செய்யும் நம்ம ஊர் போதகர்கள் காதிலும் இந்த யோசனை விழாமல் இருக்காது. உண்மையிலேயே இது மலிவா? யாருக்கு மலிவு?

எப்படி வேலை செய்கிறது?

நம்ம ஊர் சீட்டை நினைத்துக் கொண்டால் பாதி புரிந்துவிடும். உறுப்பினர்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிறார்கள். யாருக்காவது ஆபரேஷன் என்றால், மற்றவர்கள் கட்டிய பணத்தில் இருந்து அந்த பில் அடைக்கப்படும். ஆனால் முதலில் வரும் ஒரு குறிப்பிட்ட தொகையை உறுப்பினரே கையில் இருந்து போட வேண்டும். அதற்கு மேல் உள்ளதுதான் பகிரப்படும்.

விசுவாசிகள் ஒருவர் கஷ்டத்தில் இன்னொருவர் தோள்கொடுக்க வேண்டும் என்ற கலாத்தியர் நிருபத்தின் கருத்தைத்தான் இந்த அமைப்புகள் அடிப்படையாகச் சொல்கின்றன. பழைய பெயர்கள் மூன்று: ஒஹாயோவில் 1981-ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ், இல்லினாயில் உள்ள சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ், ஃப்ளோரிடாவில் 1993-ல் தொடங்கிய மெடி-ஷேர். இதில் சமாரிட்டன் வழி கொஞ்சம் வித்தியாசம். அங்கே ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கே நேரடியாகப் பணம் அனுப்பும், கூடவே ஜெபக் குறிப்பும் போகும். தபாலில் முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் இருந்து செக்கும் ஆறுதல் கடிதமும் வருவது வேறு எந்த இன்சூரன்ஸிலும் கிடைக்காத அனுபவம். உறுப்பினர்கள் பலர் விட்டுப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சேர நிபந்தனைகள் உண்டு. பொதுவாக விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும், புகையிலை கூடாது. சில அமைப்புகள் சபைக்கு ஒழுங்காகப் போவதையும் கேட்கும்.

ஏன் விலை குறைவு?

2010-ல் வந்த ஒபாமாகேர் சட்டம், இன்சூரன்ஸ் கம்பெனிகள் எதை மறுக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது. ஏற்கெனவே சுகர் இருக்கிறது, கேன்சர் வந்து போனது என்று சொல்லி யாரையும் ஒதுக்க முடியாது. ஆண்டு வரம்பு, ஆயுள் வரம்பு வைக்க முடியாது. பிரசவம், மனநல சிகிச்சை, தடுப்பூசி எல்லாம் உள்ளே வர வேண்டும். நெட்வொர்க்குக்குள் சிகிச்சை எடுத்தால் 2026-ல் ஒரு குடும்பம் கையில் இருந்து போடும் செலவு 21,200 டாலரைத் தாண்டக் கூடாது.

பகிர்வு அமைப்புகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் சில ஆண்டுகள் பணம் வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். மனநல சிகிச்சை, வழக்கமான செக்கப், தொடர் மாத்திரை பல திட்டங்களில் வெளியேதான். சேருவதற்கு முன்பே கர்ப்பம் என்றால் பிரசவ செலவும் பெரும்பாலும் பகிரப்படாது. செலவு அதிகம் வைக்கக் கூடியவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவதால்தான் மாதத் தொகை குறைகிறது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. இன்சூரன்ஸ் என்பது ஒப்பந்தம். தரவில்லை என்றால் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் செய்யலாம். கம்பெனி திவாலானால் கைகொடுக்க மாநில உத்தரவாத நிதி இருக்கிறது. பகிர்வு அமைப்போ பணம் தருவோம் என்று சட்டப்படி வாக்கு தருவதே இல்லை. 'உங்கள் பில் உங்கள் பொறுப்பு' என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

கவிழ்ந்தால்?

ட்ரினிட்டி ஹெல்த்ஷேர் 2018-ல் தொடங்கப்பட்டது. அதை நடத்தியது அலியேரா என்ற, லாபம் பார்க்கும் கம்பெனி. ஒபாமாகேர் சட்டப்படி அங்கீகாரம் பெற, அமைப்பு 1999 இறுதிக்கு முன்பிருந்தே செலவைப் பகிர்ந்து வந்திருக்க வேண்டும். 2018-ல் பிறந்த அமைப்புக்கு அந்தத் தகுதி எங்கே? வாஷிங்டன், கொலராடோ, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் 2019-லேயே நடவடிக்கையில் இறங்கின. பிறகு ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறியது. 2021 ஜூலையில் திவால் மனு. ஆஸ்பத்திரி பில்கள் குடும்பங்கள் தலையிலேயே விழுந்தன.

பழைய, பெரிய அமைப்புகளை இதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லைதான். ஆனால் வெளியில் இருந்து பார்த்தால் விளம்பரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. பைபிள் வசனம் போட்டிருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் இதில் மாட்டினார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பொறியும் உண்டு. வேலையோடு கிடைத்த இன்சூரன்ஸ் போனால், ஒபாமாகேர் மார்க்கெட்டில் உடனே சேர சிறப்பு அவகாசம் கிடைக்கும். பகிர்வு அமைப்பில் இருந்து வெளியேறினால் அது கிடைக்காது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது இன்சூரன்ஸே இல்லை. மார்ச்சில் சிக்கல் வந்தால், நவம்பரில் பதிவு தொடங்கும் வரை காத்திருந்து, ஜனவரியில்தான் பாதுகாப்பு.

பாஸ்டர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு

ஷேரிங்தான் மலிவு என்று முடிவு செய்யும் முன், பாஸ்டர் சம்பளத்தில் இருக்கும் ஒரு தனிச் சலுகையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 107-வது பிரிவுப்படி, போதகருக்கு சபை ஒதுக்கும் வீட்டுப் படி வருமான வரிக்குள் வராது. ஒபாமாகேர் மானியத்துக்கான வருமானக் கணக்கிலும் வராது.

ஓர் உதாரணம். சம்பளம் 50,000 டாலர், அதில் 18,000 வீட்டுப் படி. மீதி 32,000. பாஸ்டர்கள் சோஷியல் செக்யூரிட்டிக்கு சுயதொழில் செய்பவர் போல வரி கட்டுவதால், அந்த வரியில் பாதியும் கழியும். கடைசியில் கணக்கில் நிற்பது சுமார் 28,500 டாலர்.

நாலு பேர் குடும்பத்துக்கு, 2026 மானியத்துக்கு எடுத்துக்கொள்ளும் வறுமைக் கோடு 32,150 டாலர். மெடிக்எய்டை விரிவாக்கிய மாநிலங்களில் அந்தக் கோட்டின் 138 சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 44,000 டாலர் வரை, பெரியவர்களுக்கும் அரசு மருத்துவ உதவி உண்டு. ஆக அங்கே இந்தக் குடும்பத்துக்கு ஷேரிங்கே தேவைப்படாது.

டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் கதையே வேறு. அங்கே விரிவாக்கம் முழுமையாக நடக்கவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே போனால் மார்க்கெட் மானியமும் கிடையாது. குழந்தைகளுக்கு மட்டும் அரசுத் திட்டம் கிடைக்கும். அப்பா, அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

இப்போது வீட்டுப் படியை 14,000 என்று சபை தீர்மானித்திருந்தால்? கணக்கில் நிற்கும் தொகை சுமார் 32,450. கோட்டைத் தாண்டியாச்சு. மானியம் போக, அடிப்படை சில்வர் திட்டத்துக்கு வருமானத்தில் 2.1 சதவீதம் கட்டினால் போதும். மாதம் 60 டாலருக்குள். அதே சம்பளம், அதே வீடு, சபை மினிட்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு எண் மாறியிருக்கிறது. வருமான வரி கொஞ்சம் கூடலாம் என்பதால் கணக்காளரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. தீர்மானத்தையும் முன்கூட்டியே போட வேண்டும், பின்தேதியிட்டு மாற்ற முடியாது.

நடுவில் மாட்டிக்கொள்வது யார் என்றால், மனைவியும் சம்பாதித்து வருமானம் நன்றாக இருக்கும் குடும்பங்கள். 2021-ல் கூட்டப்பட்ட கூடுதல் மானியம் 2025 இறுதியோடு காலாவதியானது. அதனால் நாலு பேர் குடும்பம் 128,600 டாலரைத் தாண்டினால் மானியம் மொத்தமாகப் போய்விடும். ஆரோக்கியமான, இளம் வயதுக் குடும்பம், கையில் சேமிப்பும் உண்டு என்றால் ஷேரிங் பக்கம் மனசு போவது புரிகிறது.

பெரிய திருச்சபைகளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளுக்கு கைட்ஸ்டோன், யுனைட்டட் மெதடிஸ்ட்டுக்கு வெஸ்பாத், லூத்தரன்களுக்கு போர்டிகோ என்று சொந்த அமைப்புகளே குழு மருத்துவத் திட்டம் நடத்துகின்றன. மாட்டுவது தனிச் சபை பாஸ்டர்கள்தான்.

ஆர்-1 விசாவில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் இருந்து ஊழியத்துக்காகப் போகிறவர்கள் வழக்கமாகப் போவது ஆர்-1 விசாவில். சட்டபூர்வமாக இருப்பதால் இவர்களும் இதுவரை மார்க்கெட் மானியம் கேட்க முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 ஜனவரி 1 முதல் இந்த மானியம் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில குறிப்பிட்ட பிரிவினருக்கும் மட்டும்தான். ஆர்-1 அந்தப் பட்டியலில் இல்லை. அழைக்கிற சபையிடம் சம்பளத்தைப் பேசும்போதே மெடிக்கல் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குவது இனி கட்டாயம் மாதிரிதான்.

சேருவதே என்று முடிவாகிவிட்டால் விளம்பரப் புத்தகத்தை விட்டுவிட்டு, 'வழிகாட்டி நெறிகள்' என்ற நீளமான ஆவணத்தைக் கேளுங்கள். ஒரு நோய்க்கு உச்சவரம்பு எவ்வளவு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், மறுத்தால் யாரிடம் முறையிடுவது: இந்த மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பகிர்வு உறுப்பினர்களை ஆஸ்பத்திரிகள் சொந்தக் காசு கட்டும் நோயாளியாகவே பார்க்கின்றன. லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். பில் வந்த பிறகும் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், முதல் பில் கிடைத்த நாளில் இருந்து குறைந்தது 240 நாட்கள் அவகாசம் உண்டு.