பெட்டகம் முதல் பயணப்பை வரை: யாழ்ப்பாண வீடுகளில் பொருள் பேணிய வரலாறு

எமது சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில் கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் அவற்றைவிடச் சிறியது. எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் வீட்டுப் பொருள்களை எங்கே, எதில், எப்படி வைத்தார்கள் என்பதே அது. மனைப்பொருளியல் பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பாடத்தைப் படிப்பதற்கு முன்பே வீட்டில் எமக்கு அது பழகிவிட்டது. "எடுத்த இடத்தில வை" என்று கேளாமல் வளர்ந்த பிள்ளை எம்மில் ஒருவரும் இல்லை.

இந்தச் சிறிய பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் எங்கள் ஊரின் வரலாறும் கலந்திருக்கிறது.

பெட்டகமும் திறப்பும்

பழைய யாழ்ப்பாண வீடுகளில் இருந்த மிகப் பெரிய தளபாடம் பெட்டகம். வைரமரத்தில் செய்து, பித்தளைப் பூட்டும் கீலும் பொருத்தி, நகர்த்துவதற்குச் சில்லும் வைத்திருப்பார்கள். மேல்மூடி அகலமானது. பகலில் அதன்மேல் இருக்கலாம், இரவில் பாய் போட்டுப் படுக்கவும் செய்யலாம். பொருளுக்குக் காவலும் ஆளுக்குக் கட்டிலும் ஒன்றே ஆயிற்று. பட்டுச்சேலை, வெள்ளி, பித்தளைப் பாத்திரம், நகை, சாதக ஓலை, காணி உறுதி எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அதன் திறப்பு வீட்டுப் பெண்ணின் இடுப்பில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி பெண் கொண்டுவந்த சீதனம் அவளுடைய சொத்து. ஆனால் அந்தச் சீதனக் காணியை விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உறுதியைப் பத்திரமாக வைப்பது அவள் பொறுப்பாகவும், அதை வைத்து முடிவெடுப்பது இருவர் பொறுப்பாகவும் இருந்தது. பெட்டகத் திறப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெட்டகத்துக்குப் பக்கத்தில் புதிய தளபாடங்கள் வந்தபோது அவற்றின் பெயர்களும் கூடவே வந்தன. 1619 முதல் 1658 வரை எம்மை ஆண்ட போர்த்துக்கேயரிடமிருந்து அலுமாரி, மேசை, கதிரை, குசினி என்ற சொற்கள் வந்தன. அதன்பின் 1795 வரை இருந்த ஒல்லாந்தரிடமிருந்து லாச்சி வந்தது. தமிழ்நாட்டார் சொல்லும் சாவியும் போர்த்துக்கேயச் சொல்தான். நாமோ திறப்பு என்ற தமிழ்ச் சொல்லை விடவில்லை. அலுமாரி அவர்களுடையதாக இருந்தாலும் அதைத் திறப்பது எங்களுடைய சொல்!

பனை தந்த பாத்திரங்கள்

பெட்டகம் வசதி உள்ளவர் வீட்டில் மட்டுமே இருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்தது பனையோலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வடிவம் இருந்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது. சுமப்பதற்கும் அள்ளி வைப்பதற்கும் நார் பொத்திய கடகம். அரிசி, மா, மிளகாய்க்குப் பெட்டி. பலகாரத்துக்கு மூடற்பெட்டி. பனங்கட்டிக்குக் குட்டான். மீன் வாங்க உமல். புடைக்கச் சுளகு. வெற்றிலை பாக்கையும் சில்லறைக் காசையும் மடியில் வைக்கக் கொட்டப்பெட்டி.

ஓலைக்குக் காற்று புகும். ஒடியலும் புழுக்கொடியலும் செத்தல் மிளகாயும் வேர்க்காமல் உலர்ந்தபடி இருக்கும். இன்று கடைகளில் "காற்றோட்டமுள்ள கூடை" என்று விலை கூட்டி விற்பது இதைத்தான். உப்பைத் தகரத்தில் வைத்தால் தகரம் கறள் பிடிக்கும். ஆகவே உப்புக்கு மண்சட்டி. புளியை உப்போடு சேர்த்துச் சாடியில் அடைத்தார்கள். விதைப் பயற்றைச் சாம்பலோடு கலந்தோ வேப்பிலையோடு சேர்த்தோ பானையில் இட்டு வாயைக் கட்டினார்கள். பூச்சி அண்டாது.

இடம் இல்லாத வீட்டில் மேலே பார்த்தார்கள். வளையில் இருந்து உறி தொங்கும். பாலும் தயிரும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் அதில் இருக்கும். அடுப்புக்கு நேர்மேலே பரண். அங்கே வைத்ததைப் புகையே பாதுகாக்கும். உருண்டைப் பானையை உருளாமல் நிறுத்தத் திருகணை. அகப்பைகளைச் செருகச் சுவரில் ஒரு கூடு. கத்தி, சத்தகம் போன்றவை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இறப்பில் செருகப்பட்டிருக்கும். நிலத்தில் கிடந்தவை மிகக் குறைவு. கூட்டுவதும் மெழுகுவதும் அதனால் இலகுவாயின.

விடுதியும் றங்குப்பெட்டியும்

பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் படிக்கப் போன காலத்தில் இந்தப் பழக்கம் இன்னொரு வடிவம் எடுத்தது. அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார். இவ்வாறு விடுதியோடு கூடிய பெண்கள் கல்லூரிகள் வளர வளர, ஒரு பிள்ளைக்குச் சொந்தமான எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கும் தேவை முதன்முறையாக எழுந்தது.

விடுதியில் இருந்த அக்காமாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டி, அதன் மூடியில் வெள்ளை வர்ணத்தில் பெயர். அடியில் கனமான புத்தகம், நடுவில் சீருடை, மேலே அன்றாடம் எடுப்பவை. ஓரங்களில் காலுறையும் கைக்குட்டையும் சுருட்டிச் செருகப்படும். உடுப்பில் இலக்கம் தைத்திருக்கும். அம்மா கொடுத்துவிட்ட பனங்காய்ப் பணியாரப் பேணி மட்டும் ஒரு நாளுக்குமேல் அடுக்கு மாறாமல் இருந்ததில்லை. தனக்கென்று ஒரு பெட்டி, தனக்கென்று ஒரு திறப்பு: ஒரு பெண்பிள்ளைக்கு அது அக்காலத்தில் சாதாரண விடயமல்ல. கடிதங்களும் குறிப்புப் புத்தகமும் அதற்குள் அவளுடையவையாகவே இருந்தன.

பேணிகளின் காலம்

ரின் பாலும் பிஸ்கட்டும் வந்த பிறகு, உள்ளே இருந்தது தீர்ந்தபின்தான் பேணியின் வாழ்வு ஆரம்பித்தது. பால்பேணி அரிசி அளக்கும் சுண்டு ஆயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் மா வைக்கும் பாத்திரமாயிற்று. ஹோர்லிக்ஸ் போத்தலில் சீனி, மாமைற் போத்தலில் பெருங்காயம், பிஸ்கட் பேணியில் ஊசியும் நூலும் பொத்தானும். 1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடையில் நின்ற நாட்களில், வெறும் போத்தலுக்கும் வீட்டில் மதிப்பு இருந்தது. கண்ணாடிப் போத்தலில் இருப்பது வெளியே தெரியும், ஆகவே எது முடியப்போகிறது என்பது எழுதாமலே விளங்கும். தகரத்தில் இருப்பது தெரியாது, ஆகவே அதற்கு ஒரு துண்டுக் கடதாசி ஒட்டப்படும். கிழிந்த சேலையில் பொட்டளி கட்டினார்கள். தலையணை உறைக்குள் அதே சோடி விரிப்பை மடித்து வைத்தார்கள். விருந்தினர் வந்தால் ஒன்றை எடுத்தால் போதும், முழுச் சோடியும் கையில் வரும்.

பத்து நிமிடத்தில் புறப்படும் வீடு

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் கிடைக்காமற்போயின அல்லது தொடமுடியாத விலைக்கு ஏறின. எங்கள் வீடுகளில் சும்மா இருந்த ஜாம் போத்தல் அப்போது விளக்காயிற்று. அடியில் சிறிது எண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் படித்துச் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிய வகுப்புகள் எமது சங்கத்தில் பல உள்ளன. உரப்பை புத்தகப்பையும் ஆயிற்று, பங்கருக்கு மண்மூட்டையும் ஆயிற்று.

அக்காலத்தில்தான் வீட்டின் ஒழுங்கில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை முக்கியமானவை வீட்டின் உட்புறத்தில், பெட்டகத்தின் அடியில் இருந்தன. இப்போது அவை வாசலுக்குக் கிட்ட வந்தன. பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதி, இரண்டு மூன்று படங்கள்: இவற்றைப் பொலித்தீனில் சுற்றி, ஒரு பையில் இட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினார்கள். ஓடும்போது யார் பையை எடுப்பது, யார் அம்மம்மாவைப் பிடிப்பது என்பதும் முன்பே பேசப்பட்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கானோர் மழையில், நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நெருங்கியடித்துப் போனார்கள். பெட்டகத்தைத் தூக்கிச் செல்ல யாராலும் முடியவில்லை. பையைத் தூக்க முடிந்தது. திரும்பி வந்தபோது பெட்டகமும் இல்லை, பல வீடுகளில் கூரையும் இல்லை. ஆனால் அந்தப் பையில் இருந்த சான்றிதழைக் காட்டித்தான் பிள்ளைகள் வேறு பாடசாலைகளில் சேர்ந்தார்கள், பல்கலைக்கழகம் போனார்கள், வெளிநாட்டு அலுவலகங்களின் மேசைகளில் தாம் யார் என்று நிறுவினார்கள். பையைக் கைவிட நேர்ந்தவர்களும், 2004 டிசம்பர் 26 இல் கடலுக்கு எல்லாவற்றையும் கொடுத்தவர்களும், ஒரு பிரதிக்காக எத்தனை கச்சேரிப் படி ஏறினார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒழுங்கு என்பது அழகுக்கான விடயம் மட்டுமல்ல என்று எமது தலைமுறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

புலம்பெயர்ந்த அடுக்குகள்

இன்று ரொறன்ரோவின் நிலக்கீழ் அறைகளிலும் லண்டன், பாரிஸ் மாடிவீடுகளிலும் இதே பழக்கம் தொடர்கிறது. ஐஸ்கிறீம் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளை உள்ளே கறிவேப்பிலையைக் கண்டு ஏமாறுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஊரிலிருந்து 23 கிலோவுக்குள் வந்த மிளகாய்த்தூள் நாலு போத்தலாகப் பிரிந்து, ஒன்று வெளியிலும் மூன்று குளிரூட்டியிலும் இருக்கிறது. சப்பாத்துப் பெட்டிகள் லாச்சிக்குள் தடுப்பாகி, ஒரு பக்கம் மருந்தும் ஒரு பக்கம் பற்றுச்சீட்டும் வைக்க உதவுகின்றன. புதிய பெட்டி வாங்கித்தான் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதில்லை. பொருளுக்கு ஏற்ற பாத்திரம், கைக்கு ஏற்ற உயரம், எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம் என்ற மூன்றும் போதும். அம்மம்மாவின் குசினியில் இருந்ததும் அந்த மூன்றுதான்.

ஆனால் இப்போது வேறொரு வேலை எம்முன் நிற்கிறது. ஊரில் தனியே இருந்த அம்மாமார் காலமாகிறார்கள். வீடுகள் விற்கப்படுகின்றன, பூட்டப்படுகின்றன. இரண்டு கிழமை லீவில் வரும் பிள்ளைகள் அவசரமாக அலுமாரியைத் துப்புரவாக்குகிறார்கள். நகையும் உறுதியும் தப்பும். பழைய கடதாசிகள் முற்றத்தில் எரியும். இம்மலருக்காகப் படங்கள் சேர்த்தபோது அதன் விளைவை நேரில் கண்டோம். வந்து சேர்ந்த வகுப்புப் படங்கள் பலவற்றின் பின்புறம் வெறுமையாக இருந்தது. வெள்ளைச் சீருடையில் இரட்டைப் பின்னலோடு நிற்கும் அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதை எரித்தவர்கள் வேறு. எங்கள் வீட்டு முற்றத்தில் எரியும் கடதாசிக்கு நாமே பொறுப்பு. ஆகவே உலகெங்கும் உள்ள சகோதரிகளிடம் நாம் கேட்பது இதுதான்.

அம்மா இருக்கும்போதே அவருடன் இருந்து பழைய படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். இறப்பர் வளையமும் கம்பி ஊசியும் வேண்டாம். ஒன்று உருகி ஒட்டும், மற்றது கறள் பிடிக்கும். பருத்தி நாடாவால் கட்டி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். தேர்ச்சி அறிக்கை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், கல்லூரிச் சஞ்சிகை, விடுதிக்கு வந்த கடிதம் எதுவானாலும் எறியுமுன் ஒரு படம் எடுத்து, அதை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். 2005 முதல் எம்மவரின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடமும், எமது சங்கத்திடமும் ஒரு பிரதி இருந்தால், அது ஒரு வீட்டோடு அழியாது.

எங்கள் அம்மாமார் எதையும் இடமில்லாமல் விட்டவர்கள் அல்லர். உப்புக்கு ஓரிடம், ஊசிக்கு ஓரிடம், உறுதிக்கு ஓரிடம் என்று வைத்தார்கள். அவர்களுடைய பெயர்களுக்கும் முகங்களுக்கும் ஓரிடம் வைப்பது இந்த நூற்றாண்டில் எமது பங்கு. இவ்வருட விடுமுறையில் ஒரு லாச்சியில் இருந்து தொடங்குவோம்.