தலைப்பாகையும் தோலும்: மேடையில் வேலூர் 1806

வரலாற்றைப் பாடநூலில் படிப்பதற்கும் வேடம் புனைந்து நடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பாடநூல் 'உடைக் கட்டுப்பாடு' என ஒரே தொடரில் கடந்து செல்வதை, நடிக்கும் மாணவன் தன் தலையிலேயே சுமக்க வேண்டியிருக்கிறது. பழைய வட ஆர்க்காட்டுப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் நடிக்கப்பெறும் வேலூர்ப் புரட்சி நாடகம் இதற்குத் தக்க சான்று. இந்நாடகத்தில் உடை கதைக்குச் சேர்த்த அணி அன்று, உடையே கதை.

சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்தில், 1805 இறுதியிலும் 1806 தொடக்கத்திலும் சிப்பாய்களுக்குப் புதிய விதிகள் வந்தன. சீருடையில் இருக்கையில் நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். புதிய தலைப்பாகையோ வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலாலான குஞ்சமும் இருந்தது. 1806 மே மாதம் வேலூரில் அதனை அணிய மறுத்த சிப்பாய்களுள் இருவர், ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம், தலைக்கு 900 கசையடி பெற்றனர். ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தின் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கில்லெஸ்பி அன்றே கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பின்னர் விதிகள் திரும்பப் பெறப்பட்டன; 1807இல் ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்துப் பள்ளி ஒன்றில் இந்நாடகத்தை நாம் கண்டோம். சிவப்பு மேலங்கிகள் வாடகைக்கு வந்தவை. தலைப்பாகையில் தைத்த தோல் மட்டும் உண்மைத் தோல்; பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஆலையொன்றில் வேலை செய்பவரின் மகன் கொண்டுவந்தது. மேடையில் சிப்பாயாக நின்ற மாணவன் அதைப் பிய்த்தெறிந்து, "தோல் தீட்டு! இதைத் தொடவும் மாட்டோம்!" என முழங்கினான். அரங்கம் கைதட்டியது. தோல் கொண்டுவந்த சிறுவன் அவையில்தான் அமர்ந்திருந்தான்.

பேரணாம்பட்டும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலால் உயிர் வாழும் ஊர்கள். அவ்வுழைப்பைச் சாதியின் பெயரால் இழித்துரைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இந்நிலையில் கும்பினி ஆட்சியை எதிர்க்கும் ஒரு வசனம், எவரும் எண்ணாமலே, பக்கத்து வீட்டாரை இழிவுபடுத்தும் வசனமாக மாறிவிடுகிறது.

சிப்பாய்கள் தோலுக்கு அஞ்சினர் என்பது பொய்யன்று. ஆயின் அது முழு உண்மையும் அன்று. மார்பில் குறுக்கே அணிந்த வாரும் இடையில் தொங்கிய தோட்டாப் பையும் தோலால் ஆனவையே. அவற்றை அவர்கள் ஏற்கெனவே அணிந்துதான் வந்தனர். அவர்களை உறுத்தியது தோல் மட்டுமன்று. அது தலையில் ஏற்றப்பட்ட முறை. தொப்பி போன்ற அத்தலைப்பாகை தம்மைக் கிறித்தவராக்கும் முதற்படி என ஐயுற்றனர். ஊராரின் ஏளனத்துக்கும் ஆளாயினர். இவற்றின் மேல் வந்து விழுந்தது கசையடி. தம் உடலின் மீது தமக்கு உரிமை இல்லை என்பதை ஓர் ஆணை ஒரே நாளில் உணர்த்திவிட்டது.

ஆகவே நாடகத்தை நிறுத்த வேண்டுவதில்லை. வசனத்தைத் திருத்தினால் போதும். "தோல் தீட்டு" என்பதற்கு மாற்றாக, "எங்கள் தலையில் எதை வைப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம்" என அச்சிப்பாய் பேசலாம். தீட்டு என்னும் அச்சத்தையும் காட்டத்தான் வேண்டும் எனில், அதை மறுத்துக் கேட்கும் ஒரு குரலும் மேடையில் வேண்டும். அன்று அந்தக் குஞ்சத்துக்குத் தோல் பதனிட்டவர் யார் என்ற வினாவை ஒரு மாணவன் எழுப்பட்டும். டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளரை 'தோல்' நாவலின் நாயகராக்கினார். அது 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நாவலுக்குள் வந்த அம்மனிதர் நம் பள்ளி மேடைக்கு இன்னும் வரவில்லை. அடுத்த ஜூலை 10க்கு ஒத்திகை தொடங்கும் ஆசிரிய நண்பர்கள், அவருக்கும் ஒரு வேடம் எழுத வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.