சொல்லி அனுப்புகிறோம்

குமணன்சாவடி வீட்டில் என் பேரன் ஒரு மாதமாகக் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். ஒரு கம்பெனியில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்தது. "ஹெச்.ஆர். கூப்பிடுவாங்க தாத்தா" என்றான். கூப்பிடவில்லை. இவன் போட்ட மெயிலுக்கும் பதில் இல்லை.

எனக்கு 1973 நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, சென்னையில் மாமா வீட்டு விலாசத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு என் பெயரை அனுப்பினார்கள். நேர்காணல் நன்றாகவே நடந்தது. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். ஐந்து மாதம் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். அதற்குள் வந்த வேறொரு சிறு வேலையையும் "இது கிடைத்துவிடும்" என்று விட்டுவிட்டேன்.

இந்த அலுவலகங்கள் 1945-ல், போர் முடிந்து திரும்பும் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பிறகு 1959-ஆம் ஆண்டுச் சட்டம். 1960 மே 1 முதல் அமலானது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. விதிகளில் இன்னொன்றும் இருந்தது: தேர்வு முடிந்த 15 நாளுக்குள் முடிவை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகத்துக்குத்தான், வாசலில் நிற்பவனுக்கு அல்ல.

பிரான்சில் 1900-லேயே மௌனத்துக்குக் கெடு வைத்தார்கள். மனுவுக்கு அரசு நிர்வாகம் நான்கு மாதம் பதில் தராவிட்டால் மறுத்ததாகவே பொருள், வழக்குக்குப் போகலாம் என்று இருந்தது. 2000-ல் அது இரண்டு மாதமானது. நம் தகவல் உரிமைச் சட்டமும் (2005) 30 நாளில் பதில் வராவிட்டால் மறுப்பு என்கிறது, மேல்முறையீடு செய்யலாம். இரண்டும் அரசு அலுவலகங்களுக்கானவை. தனியார் கம்பெனியின் மௌனத்தை இவை தொடுவதில்லை.

அரசு மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். 1980-களில், நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் சில தற்காலிகப் பணியிடங்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. தேர்வான நான்கு பேருக்கு உத்தரவைத் தட்டச்சு செய்தேன். "மற்றவர்களுக்கு, சார்?" என்று கேட்டேன். "விதியில் இல்லையே" என்றார் மேலாளர். எனக்கும் வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி ரெக்கார்டு அறையில் நானே அடுக்கினேன். பல விண்ணப்பங்களோடு, சொந்த விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டிய உறை இருந்தது.

இதைப் பேரனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "ஒண்ணுகூட அனுப்பலையா தாத்தா?" என்றான்.

இல்லை.