விரும்பி நெய்தாளா?

பெருவின் தென்கடற்கரைப் பாலைநிலத்தில், பராகாஸில், 1927-இல் ஹூலியோ தெல்லோவின் குழு துணியில் பொதிந்த 429 உடல்களைக் கண்டெடுத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் போர்வைகளின் பூத்தையலில் சிவப்பும் நீலமும் மங்கவில்லை. அதற்குத் தெற்கே நாஸ்காவில், மேலே கிடந்த கருத்த கற்களை அகற்றி, அடியிலுள்ள வெளிர்மண்ணால் வரைந்த சிலந்தியின் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர்.

தரைக்கோடுகளுக்கு 1968-இல் எரிக் ஃபான் டேனிக்கன் விண்வெளி மனிதர்களைக் காரணம் காட்டினார். புத்தகம் உலகெங்கும் விற்றது. துணிகளோ ‘கைவேலை’ என்று கலைக்குக் கீழே வைக்கப்பட்டன. ஒன்றை வானத்துக்குக் கொடுப்பதும், மற்றொன்றை வீட்டுவேலையாக ஒதுக்குவதும் செய்தவரை மறைக்கும் இரண்டு வழிகள் என்றே நான் வாசிக்கிறேன்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இன்கா அரசு, சிறுமிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ‘அக்லா’ என்று பெயரிட்டு, அடைத்துவைத்து உயர்ந்த துணி நெய்ய வைத்தது. அரசன் அதைப் பரிசளித்துப் பெரிய மனிதர்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அரசுக்கு நெய்த ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது.

எனவே பெண்ணின் கைத்திறனைப் புகழ்வதோடு என்னால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. யார் நெய்தது என்ற கேள்வியோடு, விரும்பி நெய்தாளா என்றும் கேட்கச் சொல்கிறேன், என் மாணவிகளிடம்.