முதல் ஒரு மணி நேரம்: கோலார் தங்கவயல் கல்லூரிகளில் உளநல நெருக்கடிக்கான ஆயத்தம்

முன்னுரை

150 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் முதலுதவி அறை இருந்தாக வேண்டும் என்றது 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதிபெற்ற உளநல ஆலோசகர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. உடலுக்கு ஏற்படும் விபத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு மாணவர் மனத்துக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். ஆலோசகரை நியமிப்பதோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடாது. நெருக்கடியின் முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்பதை முன்கூட்டி வகுத்துப் பழகியிருப்பதே ஆயத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுரங்கத்தின் இரு பாடங்கள்

1880 முதல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கர்நாடகத்தில் தோண்டிய கோலார் தங்கவயல் சுரங்கங்கள் பின்னாளில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டின. ‘ஏர்பிளாஸ்ட்’ எனப்பட்ட பாறை வெடிப்பை அங்கே முற்றாகத் தடுக்க முடியவில்லை. மருத்துவமனை மேலே இருந்தாலும், முதலுதவி தெரிந்தவர் கீழே, வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று விதிகள் கோரின.

திடீர் விபத்துக்கு இவ்வளவு ஏற்பாடு இருந்தும், நுரையீரலில் மெல்லச் சேர்ந்த சிலிக்கா தூசு தொழிலாளர்களை நோயாளிகளாக்கியது. மாணவரின் துயரமும் இந்த இரு வழிகளிலும் வரும். தேர்வுத் தோல்வி ஒரே நாளில் தாக்கும். கடனும் சாதி இழிவும் பல மாதங்களாக அரிக்கும். அவசர ஏற்பாடு, அன்றாடக் கவனிப்பு இரண்டில் ஒன்று இல்லாத திட்டம் அரைத் திட்டமே.

தங்கவயலின் தனிநிலை

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு ஓடும் ரயில்களே ஊரின் பிழைப்பாயின. பலருக்கு வேலையும் படிப்பும் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால். காலை பத்து முதல் மாலை நான்கு வரை மட்டும் திறந்திருக்கும் ஆலோசனை அறையால், மாலை ரயிலில் தனியே உட்கார்ந்திருக்கும் மாணவிக்குப் பயனில்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உளநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண் இரவிலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வாழும் தங்கவயல் பிள்ளைக்கு இது சிறு வசதியன்று. கண்ணீரோடு பேசுபவருக்கு மொழிபெயர்த்துப் பேச நேரம் இராது.

அடுத்தது இரகசியம். சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். பேராசிரியரும் பெற்றோரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக்கூடும். ஆலோசனை அறை வாசலில் நிற்பதே செய்தியாகிவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிராபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத் தகவல் தரவும் இடமளிக்கிறது. இந்த எல்லையை மாணவருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவு என்ற மறுப்பு

சிறு கல்லூரிகளால் ஆலோசகரை நியமிக்கும் செலவைத் தாங்க முடியாது என்பது வழக்கமான மறுப்பு. 100 மாணவருக்குக் குறைவான நிறுவனங்கள் வெளி வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொண்டால் போதும் என்று உச்ச நீதிமன்ற நெறிமுறைகளே சொல்கின்றன. கோலாரில் மாவட்ட மனநலத் திட்டமும், பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் உள்ளன. ஆசிரியர்களோடு ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்று அந்நெறிமுறைகள் கூறுவது இன்னும் முக்கியமானது. வகுப்புக்கு வராமல் நூலகத்தின் மூலையில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் மாணவனை முதலில் கவனிப்பவர் முதல்வரல்லர், அட்டெண்டர்தான்.

முடிவுரை

மூடிக் கிடந்த சுரங்க மருத்துவமனையை 2021இல் கோவிட் இரண்டாம் அலை வந்த பிறகே தன்னார்வலர்கள் துப்புரவு செய்து திறந்தனர். அந்த உழைப்பு போற்றத்தக்கது. அத்தகைய தாமதத்தை மாணவர் உயிர் விஷயத்தில் ஏற்க முடியாது. முதலில் அழைக்க வேண்டியவர் யார், மாணவரைத் தனியே விடாமல் உடனிருப்பவர் யார், எந்த மருத்துவமனை, எந்த வண்டி, வீட்டாரிடம் பேசுபவர் யார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடையை ஒரே தாளில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒத்திகை பார்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. வரும் பருவத்திலேயே தங்கவயல் கல்லூரிகள் இதைத் தொடங்கலாம்.