வாசற்கதவும் வாழ்வுரிமையும்

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்திலே பள்ளிவாசல்துறை என்றோர் ஊர் உண்டு. அப்பெயரில் இரண்டு நுழைவழிகள் அடங்கியுள்ளன. தொழுகையிடம் முழுவதையும் அதன் வாசலால் சுட்டுவது தமிழ் வழக்கு. நீரிலிருந்து நிலத்துக்குள் புகும் வழியே துறை. இவ்வூரை மனத்திற் கொண்டு, வீட்டின் வாசற்கதவு என்னும் எளிய பொருளின் வரலாற்றை ஆராய்வோம்.

கதவென்றால் பலகை என்றே பலரும் கருதுகின்றனர். பலகை அதன் ஓர் உறுப்பு மட்டுமே. முதலில் நாட்டப்படுவது நிலை. இருபுறமும் நிற்பவை நிலைக்கால்கள். அவற்றின் தலையிற் செதுக்கிய கழுந்துகள், மேலே கிடக்கும் உத்தரத்தின் துளைகளிற் பொருந்துகின்றன. சுவரின் பாரத்தைத் தான் தாங்கி மனிதருக்கு வழிவிடுவது உத்தரம். மழைநீரையும் கடற்காற்று வாரியெறியும் மணலையும் தடுத்து நிற்பது கீழேயுள்ள படி. பழங்கதவுகளில் பலகையின் ஒரு பக்கத்தில் மேலும் கீழும் குடுமிகள் நீண்டிருக்கும். அவை குழிகளிற் சுழலும். பிற்காலத்தில் அவற்றின் இடத்தை இரும்புப் பிணைச்சல் பெற்றது. வெளிக்கதவு உட்புறமாகத் திறப்பதற்கும் காரணமுண்டு: பிணைச்சலின் அச்சு வீட்டுக்குள் இருப்பதால், கதவு மூடியிருக்கையில் வெளியே நிற்பவன் அதனைக் கழற்ற இயலாது. இறுதியாக வருவன தாழ்ப்பாளும் நாதாங்கியும் பூட்டும்.

இவ்வுறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பூட்டை மாட்ட நாதாங்கி வேண்டும். நாதாங்கியை அறைய நிலை வேண்டும். நிலைக்குச் சுவரும், சுவருக்கு அத்திவாரமும் வேண்டும். அத்திவாரம் இடுவதற்கோ, தமதென்று உரிமை கூறத்தக்க நிலம் வேண்டும். ஆதலின், கதவின் கடைசி உறுப்பாகிய பூட்டு, உண்மையில் காணி உறுதியிலிருந்தே தொடங்குகிறது. கதவின் வரலாறு தச்சுத் தொழிலின் வரலாறாக மட்டும் அமையாமல் உடைமையின் வரலாறாகவும் அமைவது இதனாலேயாம்.

சங்க இலக்கியத்தில் நக்கீரரின் நெடுநல்வாடை அரண்மனை வாயில் ஒன்றை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு, விண்மீனின் பெயர்பெற்ற உத்தரம், இடைவெளியின்றி இறுகிய பொருத்து, வெண்சிறுகடுகும் நெய்யும் அணிந்த நெடுநிலை ஆகியவற்றை அதிற் காண்கிறோம். கொடியேந்திய யானை நுழையத்தக்க உயரம் அவ்வாயிலுக்கு. அதனை முடுக்கிச் செய்த கைவினைஞனையும் புலவர் மறந்தாரில்லை. ஆயினும், அந்தக் கைவினைஞன் தன் குடிலுக்கு எத்தகைய கதவு வைத்திருந்தான்? அதனைப் பாட்டு கூறவில்லை.

அதிகாரம் படைத்தோர் வாயில்களின் மீது எக்காலத்தும் கண் வைத்தே வந்துள்ளனர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை, கண்டி இராச்சியம் கடல் வாணிகத்துக்கு நம்பியிருந்த வழிகளுள் ஒன்றில் இட்ட பூட்டேயாகும். பிரான்சிலோ 1798 முதல் 1926 வரை வீட்டுக் கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் எண்ணிக்கைப்படி வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிய ஏழைகள் காற்றும் ஒளியும் குறைந்த வீடுகளில் வாழ்ந்தனர்.

இவ்வரலாற்றின் மிகத் துயரமான ஏடு நம் காலத்துக்கு உரியது. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களுக்கு, அந்தக் கட்டளை தமிழிலேயே அறிவிக்கப்பட்டது. தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இதனை மறத்தல் தகாது. மன்னார் மக்களிற் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளம் மாவட்டமெங்கும் முகாம்கள் எழுந்தன. புத்தளத்து மக்கள் தமக்கிருந்த நீரையும் நிலத்தையும் பகிர்ந்து இடமளித்தனர்.

அங்கே எழுந்தவை கிடுகுக் குடிசைகள். கிடுகுச் சுவர் நிலையைத் தாங்காது; நிலையின்றி நாதாங்கி இல்லை; நாதாங்கியின்றிப் பூட்டும் இல்லை. கட்டி நிறுத்திய தட்டியே கதவாயிற்று. அத்தட்டியின் பின்னே பெண்கள் எத்தனை இரவுகளை அச்சத்தோடு கழித்திருப்பர்! இங்கே இவ்வாறிருக்க, வடக்கில் அவர்கள் விட்டுவந்த வீடுகள் பலவற்றில் கூரையும் கதவும் நிலையும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் திரும்பிச் சென்ற பலரை வரவேற்றவை, வாய் பிளந்து நின்ற வெறுஞ்சுவர்களே.

2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கப்பட்ட புத்தளம் வீடமைப்புத் திட்டம், வீட்டோடு காணியுரிமையை ஒழுங்குபடுத்துவதையும் தன் நோக்கமாகக் கொண்டது. வெளியேற்றத்துக்கும் அதற்கும் இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். முகாமிற் பிறந்த குழந்தை, உட்புறம் தாழிட்டு உறங்கும் உரிமையை அறியாமலேயே பள்ளிப் படிப்பை முடித்திருக்கும்.

உத்தரமும் படியும் நாதாங்கியும் வெறும் அகராதிச் சொற்கள் அல்ல. அவற்றை மாணவருக்குக் கற்பிக்கும்போது, அவற்றைச் செதுக்கிய தொழிலாளியையும், அவை பறிக்கப்பட்ட மக்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். எல்லோர் வீட்டுக்கும் உறுதியான நிலையும், அந்நிலையின் கீழ் எவரும் பறிக்கவொண்ணாத நிலமும் அமையும்வரை, கதவைச் செய்து முடித்துவிட்டோம் என்று நம் சமுதாயம் கூறுதற்கில்லை.